பூஜ்யமாவது டைல்ஸ்

மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் நிற்க மாட்டோம் என்று அடம் பிடித்தன. முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தான் வீரமலை. நடுப்புள்ளி கிட்டத்தட்ட ஒரு கட்டம் கீழே தொங்கியது. ஸ்கேலைப் புரட்டி வைத்துப் பார்த்தான். ஸ்கேலைப் புரட்டினால் புள்ளி ஏறிவிடுமா, நல்ல கூத்து. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். ஒன்றேகாலுக்கு மணி அடித்ததும் அந்த டீச்சரம்மா பெஞ்சு பெஞ்சாக வந்து விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்னும் அரை மணி நேரம். அரை மணி நேரத்தில் அவன் ஒரு குளியலறைத் தரையையே முடித்துவிடுவான், மட்டம் பார்த்து, கட்டையால் தட்டி, பிதுங்கிய சாந்தை வழித்துவிட்டு ஒரு டீயும் குடித்துவிடுவான். இருபது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவன். திருச்சியிலிருந்து கரூர் வரைக்கும் எத்தனை வீட்டில் அவன் போட்ட தரைமேல் ஜனம் நடக்கிறது. அவன் ஒட்டிய தரையில் ஒரு கோடு கோணல் என்று எவனும் விரல் நீட்டியதில்லை. இங்கே, குளித்தலையில் ஒரு பள்ளிக்கூடத்தில், பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கை அகலக் காகிதத்தில் ஒரே ஒரு கோடு. அது வரமாட்டேன் என்கிறது. முட்டி வேறு விண்விண் என்று தெறித்தது. குந்திக் குந்தி ஒட்டியதில் தேய்ந்துபோன முட்டி, மடக்கினாலும் வலி, நீட்டினாலும் வலி. முன் பெஞ்சு ஆளின் முதுகில் வியர்வை ஒரு தேசப்படமாகப் படர்ந்திருந்தது. அவனும் வீரமலை வயசுக்காரன்தான். அவனுக்கு என்ன கதையோ, யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தானோ.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால், தெரிந்ததை எழுதிவிட்டான், தெரியாததைக் கும்பிட்டுவிட்டான். ஒரு மார்க் கேள்விகளில் எட்டு நிச்சயம். ரெண்டு மார்க்கில் ஐந்து, அது பத்து. ஐந்து மார்க்கில் ரெண்டே ரெண்டு, அது ஒரு பத்து. எப்படிக் கூட்டினாலும் இருபத்தெட்டுதான். கீழேயிருந்து மேலே கூட்டினாலும் இருபத்தெட்டு. முப்பத்தைந்து வேண்டும். இந்த வரைபடம் எட்டு மார்க், இது வந்தால் முப்பத்தாறு, வராவிட்டால் முதல் தடவை முப்பத்தொன்று, போன தடவை முப்பத்து மூன்று, இந்தத் தடவை இருபத்தெட்டு என்று சறுக்கிப் போகவேண்டியதுதான். ரெண்டு தடவையும் வரைபடத்தில்தான் அடி வாங்கினான் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அழகாகக் கோடு போட்டுவிட்டுத்தானே வந்தான், பிறகு ஏன். 3x + 4y = 24. இந்தக் கோடு ரெண்டு அச்சையும் எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடித்து வரைந்து காட்டவேண்டும், அவ்வளவுதான் கேள்வி. டுட்டோரியல் ஜெபராஜ், அவனுக்கு இருபத்தாறு வயசுகூட ஆகவில்லை, அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பான். x அச்சில் போய் முட்டவேண்டுமா, y-ஐ வீட்டுக்கு அனுப்பிடுங்கண்ணே, y பூஜ்யம், விரலால மறைச்சிடுங்க. மறைத்தான். 4y-மேல் கட்டைவிரல். மிச்சம் 3x = 24, x எட்டு. பிறகு x-ஐ வீட்டுக்கு அனுப்பினான், 4y = 24, y ஆறு. இதிலென்ன தப்பு இருக்கமுடியும். போன தடவைவரை இதோடு நிறுத்தி, ரெண்டு புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். இந்தத் தடவை ஜெபராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், ரெண்டு புள்ளி இருந்தா எப்பவும் ஒரு கோடு வந்துடும்ணே, அதை நம்பாதீங்க, மூணாவதா ஒண்ணு போட்டுப் பாருங்க, அதுதான் சாட்சி என்று. போட்டான். சாட்சி கவிழ்த்துவிட்டது.

சாட்சி என்ற வார்த்தையே அவனுக்கு ஆகாது. முசிறியில் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, தட்டில் லட்டும் காராபூந்தியும் இருந்தது, தவமணியின் அப்பா மாப்பிள்ளை என்ன படிப்பு என்று கேட்டார். பெண் பன்னிரண்டாவது முடித்தவள். தரகர் ஒரு வாய் காராபூந்தியை மென்றபடியே, பத்தாவது பாஸ் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் வீரமலையைப் பார்த்தார்கள். தலையை மட்டும் ஆட்டினான். எத்தனை சின்ன ஆட்டல், காதில் ஈ உட்கார்ந்தால்கூட அதைவிடப் பலமாக ஆட்டுவான். கணக்கில் மட்டும் போய்விட்டது, மற்ற நாலும் பாஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பெண் கிடைக்காது என்ற பயம். கதவோரம் நின்றிருந்தவளைப் பார்த்துவிட்டான் அல்லவா, பிறகு எங்கே வாய் வரும். பதிமூன்று வருஷம் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. டைல்ஸ்காரனிடம் எவன் மார்க் ஷீட் கேட்கப் போகிறான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இன்ஜினியர் சொன்னார், முட்டி போச்சுய்யா உனக்கு, சூப்பர்வைசரா நின்னு வேலை வாங்கு, கம்பெனியில பத்தாவது சர்டிபிகேட் கேப்பாங்க, கொண்டா என்று. வீட்டுக்கு வந்து பெருமையாக அதைச் சொல்லித் தொலைத்தான். தவமணி உடனே, மார்க் ஷீட்டை எடுங்க, நானே ஜெராக்ஸ் போட்டு வர்றேன் என்று செருப்பை மாட்டிவிட்டாள். அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது என்றான். ஒரு மாதம் கழித்து, பரண் ஒழுகி நனைந்துபோச்சாம் என்றான். டூப்ளிகேட்டுக்கு எழுதிப்போடுங்க என்றாள். எழுதிப்போட்டாச்சு என்றான். முதல் டைல்ஸ் ஒரு நூல் கோணினால் போதும், எதிர்ச் சுவருக்குப் போவதற்குள் நாலு விரல் கோணிவிடும், அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் நின்று பார்த்தால் தெரியாது. சுவரோரம் வெட்டுத்துண்டு வைக்கும்போதுதான் பல்லிளிக்கும்.

இன்று காலையில் நடந்தது வேறு மண்டையைக் குடைந்தது. வேலைக்குப் போகும் பழைய சட்டையை அவன் கொடியிலிருந்து உருவப் போனான். தவமணி வந்து, இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டையை நீட்டினாள். இதைப் போட்டுட்டுப் போங்க. சாந்து குழைக்கிறவனுக்கு இஸ்திரிச் சட்டை எதற்கு என்று கேட்டால், சாந்து படாமப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது போகட்டும். எந்த ஊர் சைட் என்று கேட்கவில்லையே. தினம் கேட்பாள். எந்த ஊர், யார் வீடு, எத்தனை சதுர அடி, மார்பிளா டைல்ஸா, பெரிய போலீஸ் விசாரணை நடக்கும். இன்று ஒன்றும் இல்லை. லாலாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம், அறுநூறு சதுர அடி, வழுக்காத டைல்ஸ் என்று ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பதில் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. கேட்காத கேள்விக்குப் பதில் வைத்திருப்பவன் பாடு பெரும்பாடு. கோபமாக இருக்கிறாளோ. ஏதாவது தெரிந்துபோயிற்றோ. ஹால் டிக்கெட்டைச் சாந்து பூசும் கரணை வைக்கிற பையில் மடித்து வைத்திருந்தானே, பையைத் திறந்திருப்பாளோ. தெரிந்திருந்தால் சும்மா விடுவாளா, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க மாட்டாளா. கேட்டிருந்தால்கூடத் தேவலை. பதினைந்து வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவன் ஒரு பொய்யோடுதான் உள்ளே வந்தான் என்று தெரிந்தால் ஒரு பொம்பளைக்கு எப்படி இருக்கும். அதனால்தான் பாஸ் பண்ணிவிட வேண்டும் என்று துடித்தான். சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டால், டூப்ளிகேட் வந்துடுச்சு என்று நீட்டிவிடலாம், வருஷத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டலாம். எல்லாம் நேராகிவிடும். ஆகுமா. கட்டைவிரலை எத்தனை நாள் எடுக்காமல் வைத்திருப்பது.

இன்னும் இருபது நிமிஷம் என்றார் டீச்சரம்மா. அவன் மறுபடி கணக்குக்கு ஓடினான். மூன்றாவது புள்ளிதான் தப்பாக இருக்கவேண்டும். x நாலு என்று வைத்தான். மூன்று நாலு பன்னிரண்டு. இருபத்துநாலில் பன்னிரண்டு போனால் பன்னிரண்டு. பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று. நாலுக்கு மூன்று. விரல்விட்டுக்கூட எண்ணிவிட்டான், வெட்கம் பார்த்தால் நடக்குமா. சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் எட்டு தப்பா. மூவெட்டு இருபத்துநாலு, தப்பில்லை. ஆறு தப்பா. நாலாறு இருபத்துநாலு, தப்பில்லை. கணக்கு மூன்றும் சுத்தம், காகிதத்தில் வைத்தால் மட்டும் ஒன்று தொங்குகிறது. ஒருவேளை இந்த ஆள் உருப்படமாட்டான் என்று அந்தக் காலத்தில் கணக்கு வாத்தியார் சொன்னது பலிக்கிறதோ. அட, அவர் எல்லாரையும்தான் சொன்னார். ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது: நடுப்புள்ளியை அழித்துவிட்டு மற்ற ரெண்டை மட்டும் சேர்த்துக் கோடு போட்டுவிடு, யார் கேட்கப் போகிறார்கள். சாட்சியை ஒழித்துவிட்டால் வழக்கு ஏது. அப்படித்தானே ரெண்டு தடவை செய்தாய், தலையை ஆட்டிவிட்டு வந்தாய், முப்பத்தொன்று, முப்பத்து மூன்று. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பொய்க்கோடும் நேராகத்தான் இருக்கும், அதுதான் சங்கடம்.

தலையைக் குனிந்து தரையைப் பார்த்தான். பரீட்சை எழுதுகிறவன் மேலே விட்டத்தைப் பார்ப்பான், இவனுக்குத் தரைதான் சாமி. எவனோ அவசரக்காரன் ஒட்டியிருக்கிறான், ஜாயிண்ட் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி. பழக்கதோஷத்தில் மூலையிலிருந்து எண்ணினான். ஒன்று, ரெண்டு, மூன்று. எட்டாவது டைல்ஸில் அவனுடைய வலது கால் இருந்தது. சுவரிலிருந்து எட்டு. எட்டா. எட்டாவது டைல்ஸின் சுவர்ப்பக்க ஓரத்தில்தான் அவன் பெருவிரல் இருந்தது, அந்த ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை டைல்ஸ். ஏழு. ஏழுதான். மெதுவாக, பயந்து பயந்து, வரைபடத்தைப் பார்த்தான். ரெண்டு அச்சும் சேரும் மூலையில் அவன் கையெழுத்தில் 1. அடுத்த கோட்டில் 2. அடுத்து 3. பூஜ்யம் எங்கே? பூஜ்யம் இல்லவே இல்லை. y-ஐ வீட்டுக்கு அனுப்பியாச்சு, x-ஐயும் வீட்டுக்கு அனுப்பியாச்சு, வீட்டைத்தான் காணோம். டைல்ஸ் தொழிலில் பூஜ்யமாவது டைல்ஸ் என்று ஒன்று கிடையாது. மூலையில் வைப்பதே ஒன்று. முதல் டைல்ஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, கற்பூரம் காட்டி, வீட்டுக்காரர் கையால் தொடவைத்து ஒட்டுவான், அதைப் போய்ப் பூஜ்யம் என்று எவன் சொல்லுவான். டுட்டோரியலில் ஜெபராஜ் அச்சையும் எண்ணையும் பலகையில் போட்டுக் காட்டிவிடுவான், இவன் பார்த்து எழுதுவான், சரியாக வரும். பரீட்சைக் கூடத்தில் பலகை கிடையாது, பதட்டத்தில் கை தன் தொழிலுக்குப் போய்விடும், மூலையில் ஒன்று என்று போட்டுவிடும். ரெண்டு தடவையும் இதைத்தான் செய்திருக்கிறான். தரையை எண்ணத் தெரிந்தவனுக்குக் கோட்டை எண்ணத் தெரியவில்லை. நாசமாய்ப் போச்சு என்று வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எல்லாப் புள்ளியும் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. முட்டாள் இல்லை அவன், மேஸ்திரி.

பன்னிரண்டு நிமிஷம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடவேண்டும். அழிக்க? பென்சில் இருந்தது, ஸ்கேல் இருந்தது, பேனா ரெண்டு இருந்தது. ரப்பர் இல்லை. ரப்பர் வாங்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, எப்படித் தோன்றும், சைட்டில் பென்சில் கோட்டை ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் போயிற்று. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் காகிதத்தில் தேய்க்கப் போனவன் நல்லவேளை நிறுத்தினான், ஓட்டை விழுந்திருக்கும். கைக்குட்டை இருக்கிறதா. சட்டைப் பையில் கைவிட்டான். தவமணி எப்போதும் ஒரு கைக்குட்டையை நாலாய் மடித்து வைப்பாள், வாசலில் சோதனை போட்ட வாத்தியார்கூட அதைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போங்க என்றார். உருவி விரித்தான். உள்ளேயிருந்து டொக்கென்று ஏதோ பெஞ்சில் விழுந்து உருண்டது. ரப்பர். பாதி தேய்ந்த வெள்ளை ரப்பர், ஒரு முனையில் நீல மையில் ம என்று எழுதியிருந்தது. மகள் மதுமிதாவின் ரப்பர், ஒன்பதாவது படிக்கிறாள், எல்லாப் பொருளிலும் ம போட்டு வைப்பாள். ரப்பரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான் வீரமலை. முதலில் வந்தது வெட்கம்தான், உச்சந்தலையிலிருந்து ஊற்றினாற்போல் வந்தது. தெரியும். அவளுக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும். இஸ்திரிச் சட்டை பரீட்சைக்கு. ஊர் கேட்காதது, பொய் சொல்லவைக்கக் கூடாது என்று. போன ஒரு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் இந்த மது ஏன் அத்தனை சத்தமாகப் படித்தாள், x அச்சை வெட்டுற இடத்துல y பூஜ்யம்தானேம்மா, y அச்சை வெட்டுற இடத்துல x பூஜ்யம்தானேம்மா என்று அடுப்படிக்குக் கத்திக் கத்திக் கேட்டாளே. இவனும் பாவி, நம் அதிர்ஷ்டம் அவள் அதே பாடம் படிக்கிறாள் என்று சோற்றைப் பிசைந்துகொண்டு ஒட்டுக் கேட்டானே. அவனுக்காகக் கத்தியிருக்கிறது பிள்ளை. அவன் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வெளியே ரெண்டு பேரும் காவல் நின்றிருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. டீச்சரம்மா பார்த்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை டீச்சர் என்றான்.

அழித்தான். மூலையிலிருந்த ஒன்றை முதலில் அழித்தான், பிறகு ரெண்டு, மூன்று, எல்லாவற்றையும். ரப்பர் தூசியை ஊதாமல் கைக்குட்டையால் தட்டினான். மூலையில் 0 போட்டான். வட்டமாக, கொஞ்சம் பெரிதாகவே போட்டான். இதுவும் ஒரு இடம்தான், ஒன்றுமில்லாத இடம், ஆனால் இங்கே நிற்காமல் எதையும் அளக்கமுடியாது. பதினைந்து வருஷமாக அவன் ஒன்றில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான். டூப்ளிகேட் வந்துடுச்சு என்று நீட்டப்போவதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. பாஸோ பெயிலோ, ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கவும் போவதில்லை. எட்டுக்குப் புள்ளி. ஆறுக்குப் புள்ளி. நாலுக்கு மூன்று, நடுப்புள்ளி, சாட்சி. ஸ்கேலை வைத்தான். குனிந்து, ஒரு கண்ணை மூடி, சைட்டில் நூல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தான். மூன்றும் ஸ்கேல் ஓரத்தில் வரிசையாக நின்றன. இழுத்தான். கோடு x அச்சை எட்டில் வெட்டியது, y அச்சை ஆறில் வெட்டியது. நடுப்புள்ளி கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தது. அவன் வாழ்க்கையில் எத்தனையோ தரை போட்டிருக்கிறான், இப்படி ஒரு நேரை அவன் பார்த்ததில்லை. வெட்டுத்துண்டுகள் 8, 6 என்று கீழே எழுதி அடிக்கோடு போடும்போது மணி அடித்தது.

வாசலில் கொடுத்து வைத்திருந்த பையையும் போனையும் வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றான். முன் பெஞ்சு ஆள் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தவமணிக்குப் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"தவமணி, நான் பத்தாவது பாஸ் பண்ணினது இல்ல."

குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

"இன்னைக்கு வரைக்கும்தானங்க" என்றாள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டான். அவள் சாதாரணமாகச் சொன்னாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது, மழைக்கு ஒழுகிய பரணைச் சரிபண்ணியாச்சா என்று விசாரித்திருக்கிறாள். அண்ணி சிரித்துவிட்டாளாம். அது ஷீட்டு போட்ட வீடு, அதில் பரணே கிடையாது. பிறகு ஒரு நாள் கரணைப் பையில் டுட்டோரியல் நோட்டு கிடந்ததாம், பக்கத்துக்குப் பக்கம் வரைபடம், ஹால் டிக்கெட்டையும் அதில்தான் பார்த்தாளாம். அப்புறம் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றான். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன், நடுவுல நாள்தான் கொஞ்சம் ஓடிப்போச்சு என்றாள். குரலில் கோபம் இருந்தது, இல்லாமல் இருக்குமா, ஆனால் அந்தக் கோபத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது, அவனுக்குக் கேட்டது. கோடு ஒழுங்காக வந்ததா என்று கேட்டாள். வந்தது, மூணு புள்ளியும் நின்னுச்சு என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவள் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ரப்பரை எங்கயும் விட்டுட்டு வந்துடாதீங்க. நாளைக்கு அவளுக்கு டெஸ்ட்டு. ரெண்டு பேரும் சாப்பிடாம உக்காந்திருக்கோம், வீட்டுக்கு வாங்க."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். ரப்பர் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.